வளைந்த குழாயும் நேரான குழாயும்

விலையுயர்ந்த பொருள்களில் காணப்படும் புதுமைகள் இருவகைப்படும். பயன் கருதிச் செய்யப்பட்டவை ஒருவகை. பார்வை கருதிச் செய்யப்பட்டவை மற்றொரு வகை. இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. செய்தவரின் உள்ளத்திலேயே இரண்டும் கலந்து நிற்பதுண்டு. இதனை விளக்குவதற்கு மிதிவண்டியின் வரலாறு ஏற்றதொரு சான்றாகும்.

தில்லி, மும்பை, புனே, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர்கள் சைக்கிள் கடைகளில் இன்று இருவகை வண்டிகளைக் காண்கிறார்கள். லூதியானாவில் செய்யப்பட்டு, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் எளிய வண்டி ஒருபுறம். சில லட்சம் ரூபாய் விலை சொல்லப்படும் அயல்நாட்டு வண்டி மறுபுறம். பின்னதன் சட்டத்தில், அதாவது கடைக்காரர் 'பிரேம்' என்று சொல்லும் பகுதியில், குழாய்கள் நெளிந்தும் தட்டையாகியும் விநோத வடிவங்களில் அமைந்திருக்கின்றன. வாங்க விரும்பும் மகனும் பணம் கொடுக்க வேண்டிய தந்தையும் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த விநோதம் அதன் விலைக்குத் தகுமா? இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது கேட்கப்பட்டு வருகிறது.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885ஆம் ஆண்டில் 'ரோவர்' என்னும் வண்டியை வெளியிட்டார். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் அதில் அமைந்தன. அடுத்த சில ஆண்டுகளில், இத்தகைய வண்டிகளின் சட்டம் இரு முக்கோணங்களை ஒட்டவைத்தாற் போன்ற சாய்சதுர வடிவத்தை அடைந்தது. முக்கோணம் தன் பக்கங்களின் நீளம் மாறாதவரையில் உருக்குலையாது. பாலங்களையும் கூரைகளையும் அமைப்போர் நெடுங்காலமாக அறிந்திருந்த உண்மை இது. ஆகவே, குறைந்த எஃகைக் கொண்டு மிகுந்த வலிமை பெற இவ்வடிவம் உதவிற்று. இன்றளவும் உலகில் ஓடும் மிதிவண்டிகளிற் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே.

எனினும், இவ்வடிவத்துக்கு ஒரு குறை இருந்தது. அக்காலத்துச் சக்கரங்களைச் சுற்றியிருந்தது கெட்டி ரப்பர். சாலையில் உள்ள ஒவ்வொரு கல்லும் ஓட்டுபவரின் முதுகெலும்பில் வந்து தாக்கிற்று. இதற்கு மாற்றாக, லின்லி, பிக்ஸ் என்போர் 1885இல் 'விப்பெட்' என்னும் வண்டியைச் செய்தனர். இருக்கையும் கைப்பிடியும் மிதிகளும் ஒன்றாக இணைந்து, வில்லின் துணையால் சக்கரங்களின் அதிர்ச்சியினின்றும் விலகி நிற்குமாறு அதன் சட்டத்தை அவர்கள் அமைத்தனர். உண்மையான துன்பத்துக்குக் காணப்பட்ட உண்மையான மருந்து அது. ஆனால், பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவரான ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். சில ஆண்டுகளில் கெட்டி ரப்பர் மறைந்தது. வில்வைத்த சட்டங்களும் அதனோடு மறைந்தன. விப்பெட்டில் பழுதொன்றும் இல்லை. அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்ததோ, அந்தக் கேள்வியையே டயர் தீர்த்துவிட்டது.

இனி, டென்மார்க் நாட்டவரான மிக்கேல் பெடர்சனைப் பார்ப்போம். இங்கிலாந்தின் டர்ஸ்லி என்னும் சிற்றூரில் குடியேறிய இவர், 1890களில் ஒரு வண்டியை உருவாக்கினார். தோல் இருக்கையின் கடினத்தை வெறுத்த அவர், கயிற்று வலையால் தூளிபோன்ற இருக்கையொன்றைப் பின்னினார். அதைத் தொங்கவிடுவதற்கு ஏற்ற சட்டம் கிடைக்காமையால், மெல்லிய குழாய்கள் பலவற்றை முக்கோணம் முக்கோணமாக இணைத்துப் புதிய சட்டம் ஒன்றையே படைத்தார். அது இலேசானது, வலிமையுள்ளது, இருக்கையோ சுகமானது. ஆயினும், அதன் உயரத்தை ஓட்டுபவருக்குத் தக்கபடி மாற்ற இயலுவது மிகச் சிறிதளவே. எனவே பல அளவுகளில் செய்து வைக்க வேண்டியதாயிற்று. இணைப்புகள் மிகுந்தமையால் உழைப்பும் விலையும் மிகுந்தன. பெடர்சன் தாய்நாடு திரும்பி 1929இல் வறுமையில் இறந்தார். அவருடைய வடிவம் இறக்கவில்லை. 1970களின் இறுதியில் கோபன்ஹேகனில் அதனை மீண்டும் செய்யத் தொடங்கினர். பயனுள்ள புதுமையும் தன்னைச் செய்தவரை வாழவைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

விநோத வடிவங்கள் மிகுதியாகத் தோன்றிய காலம் 1930கள், இடம் இங்கிலாந்து. லண்டனில் ஹைமன் ஹெட்சின் என்பவரின் கடையில் ஜாக் டென்னி என்னும் தொழிலாளர், பின்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களை நெளிநெளியாக வளைத்து 1930களின் நடுவில் ஒரு சட்டத்தைச் செய்தார். அதே நகரத்துப் பேட்ஸ் சகோதரர், முன்சக்கரத்தைப் பற்றி நிற்கும் கவையை இரட்டை வளைவாக்கினர். நடுவில் பருத்து முனைகளில் சிறுத்த குழாய்களையும் பயன்படுத்தினர். பிராட்போர்டு நகரத்துப் பெயின்ஸ் நிறுவனத்தார் பின்சக்கரத்தை முன்னே இழுத்து வண்டியின் நீளத்தைக் குறைத்தனர். அச்சட்டத்தின் தோற்றத்தைக் கண்டோர் அதற்குப் 'பறக்கும் கதவு' என்று பெயரிட்டனர்.

ஒரே நாட்டில், ஒரே பத்தாண்டில், இத்தனை விநோதங்கள் ஏன் தோன்றின? அந்நாட்டுப் பந்தய முறையே இதற்கொரு காரணம் என்பர் வரலாறு எழுதியோர். பொதுச்சாலையில் கூட்டமாகப் போட்டியிடுவதை ஆங்கிலேயச் சைக்கிள் சங்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விலக்கியிருந்தது. ஆகவே, வீரர்கள் விடியற்காலையில் தனித்தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிட்டனர். ஊதியம் பெறாத அவ்வீரர்களை வைத்து விளம்பரம் செய்தல் ஆகாது என்பது விதி. வண்டியின் பெயர் தெரியும்படி படம் வெளியிடுவதும் கூடாதிருந்தது. பெயரைத்தான் அழிக்கலாம், நெளிந்த குழாயை எவ்வாறு அழிப்பது? படத்தைக் கண்ட மாத்திரத்தில் இது ஹெட்சின் வண்டி, இது பேட்ஸ் வண்டி என்று வாசகர் அறிந்துகொண்டனர். செய்தவர்களோ, அதிர்ச்சியைத் தணிக்கவும் சட்டத்தை உறுதிப்படுத்தவுமே இவ்வாறு அமைத்ததாகக் கூறினர். இரு கூற்றும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும்.

ஆனால் வாங்குபவர் அறிய வேண்டியது வேறு. நெளிந்த குழாய் அதிர்ச்சியைத் தணித்ததா? நேரான குழாயைவிட வளைந்த குழாய் சற்றே எளிதில் வளைந்து கொடுக்கும் என்பது உண்மை. எனினும், அவ்வசைவு மிகச் சிறியது. காற்றடைத்த டயரும் இருக்கையும் அதனினும் பன்மடங்கு விட்டுக்கொடுக்கின்றன. டயரில் காற்றைச் சிறிது குறைத்தாலே அதனை மிஞ்சிய சுகம் கிடைத்துவிடும். முன்கவையின் நிலை சற்று வேறு. அது ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டிருத்தலின், கண்ணுக்குத் தெரியும் அளவுக்கே அசைகிறது. அங்கே வளைவுக்கு ஓரளவு பொருளுண்டு. அப்போதும் குழாயின் பருமனும் தகட்டின் கனமுமே பெரும்பங்கு வகிக்கின்றன.

இதே 1930களில் தோன்றிய மற்றொரு புதுமையை இங்கு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். பர்மிங்காம் நகரில் ஆணி செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த ரெனால்ட்ஸ் குடும்பத்தார், குழாய் ஒன்றுக்கு 1897இல் உரிமை பெற்றனர். வெளியே பார்த்தால் அது முனைமுதல் முனைவரை ஒரே பருமன். உள்ளே தகடு முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைக்கும் இடத்தில்தான் சூடும் சுமையும் மிகுதி. அங்கே கனம் வேண்டும். நடுவில் அது வீண் பாரம். 1935இல் அந்நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த '531' என்னும் எஃகில் இத்தகைய குழாய்களை வெளியிட்டது. அடுத்த பல பத்தாண்டுகள் உலகத்துச் சிறந்த பந்தய வண்டிகள் பல அக்குழாயால் ஆனவை. அதன் சிறப்பு எவர் கண்ணுக்கும் புலப்படுவதன்று. சட்டத்தில் ஒட்டிய சிறு முத்திரை ஒன்றே அதனை அறிவித்தது.

கண்ணுக்குத் தெரியும் புதுமை யாவும் வீண் என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. 1992இல் பார்சலோனா ஒலிம்பிக் போட்டியில், பிரிட்டனின் கிறிஸ் போர்டுமன் 4,000 மீட்டர் தனிநபர் துரத்தல் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வென்றார். அவருடைய 'லோட்டஸ்' வண்டியில் குழாய்களே இல்லை. மைக் பர்ரோஸ் என்பவரின் கருத்தை அடியொற்றி, கார்பன் இழையால் ஒரே உடலாக வார்க்கப்பட்ட வண்டி அது. அந்த வேகத்தில் ஓட்டுபவரை எதிர்க்கும் பெரும்பகை காற்று. காற்றைக் கிழிக்கும் வடிவத்துக்கு அங்கே மெய்யான வேலை இருந்தது. பின்னர், சர்வதேசச் சைக்கிள் சங்கம் 1996இல் ஒரு சாசனத்தை வெளியிட்டது. அதன் வழிவந்த விதிகள் 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, சாலைப் பந்தய வண்டியின் சட்டம் மீண்டும் முக்கோண அடிப்படைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. மேலும், காற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடலுக்கே உரியது. நெரிசல் மிக்க சாலையில் மெல்லச் செல்வோருக்கு அவ்வடிவத்தால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு.

ஆதலின், விலையுயர்ந்த சட்டத்தின் விநோதத்தை மதிப்பிட நாம் கேட்க வேண்டியவை மூன்று. இது எந்தக் குறையைத் தீர்க்க வந்தது? அக்குறை நமக்கு உண்டா? அதனைக் குறைந்த செலவில் வேறொன்று தீர்த்துவிடாதா? சாலையின் அதிர்ச்சியே குறையாயின், நல்ல டயரை முதலில் வாங்குவோம். உடலுக்குப் பொருந்தாமையே குறையாயின், அளவறிந்து சட்டத்தைத் தேர்வோம். பந்தயத்தில் நொடிகளை எண்ணுவோர், காற்றுக்கேற்ற வடிவத்துக்குப் பணம் கொடுப்பதில் பொருளுண்டு.

டென்னியின் நெளிந்த குழாய்களை இன்றும் சேகரிப்போர் விரும்பி வாங்குகின்றனர். மெல்லிய எஃகுக் குழாயைச் சுருக்கம் விழாமல் வளைப்பதும், இருபுறமும் ஒன்றுபோல் அமைப்பதும் தேர்ந்த கைகளுக்கே இயலும். அக்கைத்திறனுக்குப் பணம் கொடுப்பது தவறன்று. அதனைச் சுகத்துக்குக் கொடுத்த விலை என்று எண்ணுவதே தவறு.