பஞ்சும் நெஞ்சும்

அண்டை வீட்டுச் சண்டையிலே தடியுடன் நுழைபவன், "சமாதானம் செய்ய வந்தேன்" என்றுதான் கூறுவான். அவன் கண் எதன்மீது என்று கேட்பவர் சிலரே. 1862-இல் இங்கிலாந்திலே அப்படிக் கேட்டவர்களுள், வயிறு காய்ந்த ஏழைகளும் இருந்தனர்!

அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர். அடிமை முறையைக் காக்கத் தனிக்கொடி உயர்த்தின தென் மாநிலங்கள். 1861-இல் அவற்றின் துறைமுகங்களை அடைத்தார் லிங்கன். அங்கே அடைபட்டது துறைமுகம். இங்கிலாந்தின் லங்காஷயரிலே அடைபட்டது ஆலைக்கதவு! அந்த ஆலைகளுக்கு வந்த பஞ்சிலே முக்கால் பங்குக்குமேல் அடிமைகள் விளைவித்தது. 1862 முடிவிலே, ஏறத்தாழ 5 இலட்சம் பேர் பிறர் தந்த உதவியால் உயிர் தாங்கினர்.

"தென் மாநிலங்களைத் தனிநாடாக ஏற்போம்" என்றனர் சீமான்கள் பலர். ஏற்றால், லிங்கன் அரசுடன் போர் மூளக்கூடும். எனினும், அந்தத் தலைவர்கள் ஒரு நாட்டையே உருவாக்கிவிட்டனர் என்று நியூகாசிலிலே புகழ்ந்தார் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன். போர் அமைச்சர் லூயிஸ் மறுத்தார். பிரான்சுடன் சேர்ந்து தலையிடும் யோசனையை, நவம்பரிலே அமைச்சரவை தள்ளியது.

டிசம்பர் 31. மான்செஸ்டரிலே தொழிலாளர் கூட்டம். வேலையில்லை, அவர்களிலே மிகப் பலருக்கு வாக்குரிமையுமில்லை. "போரிட்டேனும் பஞ்சு கொணர்க" என்றா கேட்டனர்? இல்லை! அடிமைத்தளை அறுபட வேண்டுமென்று லிங்கனுக்கு மடல் தீட்டினர். 1863 ஜனவரி 19-இல், அவர்தம் தியாகத்தைப் போற்றி விடையெழுதினார் லிங்கன்.

லங்காஷயர் முழுதும் ஒரே குரலில் பேசியதென்பது வரலாறாகாது. தென் மாநிலங்களை ஆதரித்த கூட்டங்களும் நடந்தன. போர்க்கள நிலையும் அமைச்சர்களைத் தயங்க வைத்தது. ஆயினும், 1863 ஜூன் 30-இல் தென் மாநிலங்களை ஏற்கும் தீர்மானத்தை ரோபக் மக்களவையிலே கொணர்ந்தபோது, அதை எதிர்த்து முழங்கிய ஜான் பிரைட்டுக்கு அந்த ஏழைகளின் உறுதி பெருந்துணை. ஜூலையிலே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது.

1866-இலே, தொழிலாளர் வாக்குரிமைக்குத் தகுதியுடையோர் என்பதற்கு லங்காஷயர் மக்களின் பொறுமையையே சான்று காட்டினார் ஒருவர். யார்? அதே கிளாட்ஸ்டன்! மறு ஆண்டு, நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை வந்தது.

பிறர் நாட்டுப் போரிலே புகுவதா என்ற விவாதம் எழும்போதெல்லாம், கருணை பேசுவோர் உண்டு. கௌரவம் பேசுவோர் உண்டு. யாருடைய விலங்கு அறும், யாருடைய பெட்டி நிறையும் என்று கேட்பதே அறிவு. பசித்தவன் அதைக் கேட்டான். புசித்தவன் கேட்க மறுப்பது முறையா?