சுழலும் குண்டுகளும் சுக்கான் பிடித்த கையும்

லண்டன் ஆல்பியன் மாவு ஆலையில், அரைக்கும் கற்களின் வேகத்துக்கேற்ப அவற்றின் நெருக்கத்தைத் தானே திருத்திய ஒரு கருவியைப் பற்றி 1788-ஆம் ஆண்டில் மாத்யூ போல்ட்டன் தம் கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்கு எழுத, அவரும் அதே தத்துவத்தை நீராவி யந்திரத்துக்குப் பொருத்தினார். நிமிர்ந்த தண்டோடு சுழலும் இரு குண்டுகள், வேகம் மிகுந்தால் விரிந்தெழுந்து நீராவி வரும் வழியை ஒடுக்கும். வேகம் தணிந்தால் தாழ்ந்து அதனைத் திறக்கும். அழகிய ஏற்பாடுதான், ஆயினும் பாரம் கூடும்போது அதிக நீராவி வேண்டும், அதற்குக் குண்டுகள் தாழ்ந்தே நிற்கவேண்டும், அவை தாழ்ந்து நிற்க வேகமும் சற்றுக் குறைந்தே இருக்கவேண்டும் என்ற காரணத்தால், பழைய வேகத்தை அக்கருவி முழுமையாக மீட்டுத் தருவதில்லை. அக்குறையைப் போக்க எண்ணி அதனைக் கூர்மையாக்கினாலோ, யந்திரம் ஒரு நிலையில் நில்லாமல் ஊசலாடத் தொடங்கும்.

பிழையைக் குறைக்க மட்டும் வல்ல கருவிகளையும், பிழை எஞ்சியிருக்கும் வரை விடாது திருத்திக்கொண்டே போகும் கருவிகளையும் 1868-இல் வேறு வேறாகப் பிரித்து, ஊசலாட்டம் எப்போது அடங்கும் என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்தார் இயற்பியலாளர் மாக்ஸ்வெல்.

எனினும், இம்முறைகளின் குணபேதம் முழுதும் துலங்கியது ஆலையில் அன்று, கப்பலில்தான் என்பது என் துணிபு. ருஷியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிகோலாய் மினோர்ஸ்கி, தேர்ந்த மாலுமி சுக்கானைத் திருப்பும் விதத்தை ஆராய்ந்து 1922-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கப்பல் திசை பிசகிய அளவுக்கு மட்டும் அம்மாலுமி சுக்கானைத் திருப்புவதில்லை. அது நேர்வழிக்கு விரைந்து திரும்புகையில், வந்து சேருமுன்பே சுக்கானைத் தளர்த்தி எதிர்ப்புறமும் சற்றே திருப்புவான். காற்று ஒரே பக்கமாக இடைவிடாது தள்ளினால், அதற்கு ஈடாகச் சுக்கானைச் சிறிது சாய்த்தே வைத்திருப்பான். நிகழும் பிழை, அது மாறும் வேகம், சேர்ந்துவிட்ட பிழை ஆகிய மூன்றும் அந்த ஒரு கையில் அடங்கியிருந்தன. கடலில் பழகிய கையின் வித்தை, கணித ரூபம் பெற்றுப் பின்னர் ரசாயன ஆலைகளின் உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் ஆண்டது என்பதை நினைக்கையில், அம்மாலுமிகளிடத்தில் எனக்கு உண்டாகும் மரியாதை பெரிது.

மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்பதற்கு 1942-இல் ஸீக்லர், நிக்கல்ஸ் என்ற இரு பொறியாளர்கள் எளிய வழி வகுத்தனர்: முதலாவதை மட்டும் வைத்து, ஊசலாட்டம் வளராமலும் ஓயாமலும் நிற்கும் வரை அதனைக் கூர்மையாக்கி, அந்த அளவிலிருந்தும் ஊசலாட்டத்தின் கால அளவிலிருந்தும் மூன்றையும் நிர்ணயிப்பது. ஆயினும் அளவுமானியின் சிறு நடுக்கத்தையும் பெரும் மாறுதலாக எண்ணிப் பதறும் இயல்பு மாறும் வேகத்தைப் பார்க்கும் முறைக்கு உண்டு. ஆதலால் அதனை அறவே விலக்கி, ஏனைய இரண்டோடு ஆலையை நடத்துவோர் இன்றும் பலர்.