உறங்காத தொழிலாளியும் செவிடான நரம்பும்

1941ஆம் ஆண்டில் யப்பானிய மருந்துக் கடைகளில் ‘பிலோப்பொன்’ என்னும் குளிகை விற்பனைக்கு வந்தது. தைநிப்பொன் என்ற கம்பனி அதனைத் தயாரித்தது. உழைப்பில் விருப்புடையவன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் ஆக்கப்பட்டது. பெயர் சூட்டியவன் யாருடைய தேவைக்காகச் சூட்டினான் என்பது வெளிப்படை.

குளிகையின் உட்பொருள் மெத்தம்பெற்றமின். 1893இல் நாகாய் நாகாயோஷி என்னும் இரசாயன அறிஞர் எபெதிரினிலிருந்து அதனை ஆக்கினார். 1919இல் ஒகாட்டா அக்கிரா அதனைப் பளிங்குருவிற் பெற்றார். ஆய்வுகூடத்திற் பிறந்த அப்பொருளைப் போர் தன் பணிக்கு அமர்த்திக்கொண்டது. போர்வீரர்கள், விமானிகள், ஆயுதத் தொழிற்சாலைகளின் இரவு வேலையாளர்கள் ஆகியோர் அதனை உண்டு விழித்திருந்தனர். தொழிலாளியின் உறக்கத்தைப் பறிக்கச் சவுக்கு வேண்டியிருக்கவில்லை; குளிகை போதுமாயிற்று.

1945இல் யப்பான் தோற்றது. இராணுவத்தின் கையிருப்பு சந்தைக்கு வந்தது. பசியும் வேலையின்மையும் சூழ்ந்த நகரங்களில் அதற்கு வாடிக்கையாளர் குறைவாகவா இருப்பர்? 1951இல் ஊக்கிமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1954இல் மட்டும் ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். தன் வீரர்க்குக் குளிகையை ஊட்டிய அரசே இப்போது விலங்கையும் பூட்டிற்று.

மனவுறுதியற்றோர் எனப் பழிப்பது எளிது. நரம்புக்கலத்தினுள் நிகழ்வதோ வேறு. மெத்தம்பெற்றமின் நரம்புமுனையுட் புகுந்து, அங்கே சேமிக்கப்பட்டுள்ள டொப்பமினை வெளியே கொட்டச் செய்கிறது. அடுத்த கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் அச்செய்தியை ஏற்கின்றன. செய்தி ஓயாது வந்து மோதுமாயின், நொதியமொன்று வாங்கியின் உட்பகுதியிற் பொசுபேற்றை இணைக்கிறது. அரெஸ்ரின் என்னும் புரதம் அங்கே வந்து ஒட்டி, கலத்தினுள்ளே செய்தியைக் கடத்தும் ஜி-புரதத்திலிருந்து வாங்கியைத் துண்டிக்கிறது. பின்னர் வாங்கி கலத்தினுள் இழுக்கப்படுகிறது. சில வாங்கிகள் மேற்பரப்புக்கு மீளும், சில சிதைக்கப்படும். ஓயாத கூச்சலுக்குக் காதை மூடிக்கொள்ளும் மனிதனைப் போன்றது கலம். ஆனால் காது மூடியபின், உணவு, நட்பு, ஓய்வு முதலியவற்றின் மெல்லிய குரலும் கேளாது போகிறது. முன்னைய விளைவைப் பெற இரண்டாவது குளிகை வேண்டியிருக்கிறது. டொப்பமின் சேமிப்பு வற்றுவதும் இதற்குத் துணைபோகிறது.

2001இல் அமெரிக்காவில் நோரா வொல்கோவின் குழு, இப்பொருளைப் பாவித்து நிறுத்தியோரின் மூளையைப் படம்பிடித்தபோது, டி2 வாங்கிகள் குறைந்திருக்கக் கண்டது. அவர்களுக்கு முன்னரே அவை குறைவாயிருந்திருக்கலாமே என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும், பின்னர் குரங்குகளுக்கு இப்பொருளை ஊட்டிப் பார்த்தபோதும் அவ்வாங்கிகள் குறைந்தன.

மூளையில் டொப்பமின் தனியொரு தூதுவன் என்பதைச் சுவீடனில் ஆர்விட் காள்சன் காட்டியது 1950களின் பிற்பகுதியில். 1954இல் விலங்கிடப்பட்ட இரவு வேலையாளனின் சார்பில் எழுந்து இதனைச் சொல்லக்கூடிய மருத்துவர் எவரும் அன்று உலகில் இருக்கவில்லை.