ஜப்பானிய வாளும் அதைச் சூழ்ந்த கதைகளும்

போர்க்கருவிகள் பலவற்றைச் சரித்திரம் கண்டிருக்கிறது. ஆயினும் ஜப்பானிய வாளைப் போல உறைக்குள் எஃகையும் உறைக்கு வெளியே கட்டுக்கதைகளையும் ஒருங்கே சுமந்து வந்த கருவி வேறொன்று உண்டோ என்பது ஐயமே. காற்றில் மிதந்து வரும் பட்டுத் துணி அதன் வாயில் பட்ட மாத்திரத்தில் இரண்டாகும் என்பர்; இயந்திரத் துப்பாக்கியின் குழாயை ஒரே வீச்சில் துணிக்கும் என்பர்; ஆயிரம் முறை மடித்து அடித்த எஃகு என்பர்; ஒருமுறை உருவிவிட்டால் இரத்தம் காணாமல் உறைக்குத் திரும்பாது என்பர். மலேயாவிலும் பர்மாவிலும் 1942 முதல் 1945 வரை ஜப்பானியரின் ஆட்சியில் துன்புற்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் நேயர்களுள் சிலர் இருக்கக்கூடும். அவர்தம் வீடுகளில் இவ்வாள் வியப்போடு மட்டுமன்றி அச்சத்தோடும் பேசப்பட்டிருக்கும். அது எதனால் ஆனது, எவ்வாறு செய்யப்பட்டது, எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது என்பவற்றைச் சற்று அமைதியாக நோக்குவோம்.

எஃகிலிருந்தே தொடங்கலாம். பழைய ஜப்பானியக் கொல்லர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது பாறையை வெட்டி எடுக்கும் இரும்புத் தாதுவையன்று. மலைச் சரிவுகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் கிடைத்த கரிய இரும்பு மணலையே. அதனை உருக்க அவர்கள் கட்டிய களிமண் உலைக்குத் 'தத்தாரா' என்று பெயர். மூன்று பகலும் மூன்று இரவும் துருத்தி ஓயாமல் ஊத, இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறி மாறிச் சொரிந்துகொண்டே இருப்பர். முடிவில் உலையையே இடித்துத் தள்ளி, அடியில் செந்தணலாய்க் கிடக்கும் பாளத்தை வெளியே இழுப்பர். ஏறத்தாழ 10 டன் மணலையும் 12 டன் கரியையும் விழுங்கும் உலை தரும் பாளம் 2.5 டன் அளவினது. அதிலும் வாளுக்கு உகந்த உயர்தர எஃகு, அதாவது 'தமஹகனே', ஒரு டன்னுக்கும் குறைவே.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற அந்த எஃகும் குற்றமற்றதன்று. இரும்பு முழுவதும் உருகி நீராய் ஓடும் அளவுக்கு அவ்வுலையில் வெப்பம் ஏறுவதில்லை. ஆகவே பாளத்தின் ஒரு பகுதியில் கரிச்சத்து மிகுந்திருக்கும். மற்றொரு பகுதியில் குறைந்திருக்கும். இடையிடையே கிட்டம் சிக்கிக் கிடக்கும். கொல்லன் அதனைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, உடைந்த முகத்தின் நிறத்தையும் மணியையும் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கிறான். பின்னர் அத்துண்டுகளை அடுக்கிக் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, நடுவில் வெட்டி மடித்து, மீண்டும் காய்ச்சி மீண்டும் அடிக்கிறான். கிட்டம் பொறியாய்ப் பறந்து வெளியேறுகிறது. கரிச்சத்து எங்கும் சமமாகப் பரவுகிறது. மடிப்பதன் நோக்கம் இவ்வளவே. இது மந்திரமன்று, குறையுள்ள மூலப்பொருளைக் கைத்திறனால் சீர்செய்யும் வழி.

அவன் மடிப்பது 10 முதல் 15 முறைதான். கணக்கறிந்த நேயர்கள் இங்கே முறுவலிப்பர். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிப்பதால் பத்தாம் மடிப்பில் 1,024 அடுக்குகளும், பதினைந்தாம் மடிப்பில் 32,768 அடுக்குகளும் உண்டாகும். அடுக்குகளின் எண்ணிக்கையை மடிப்புகளின் எண்ணிக்கையாக யாரோ பிழைபட உரைக்க, 'ஆயிரம் மடிப்பு' பிறந்திருக்கலாம். உண்மையிலேயே ஆயிரம் முறை மடித்தால் என்னவாகும்? ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் எஃகின் கரிச்சத்தில் ஒரு சிறு பங்கு எரிந்துபோகிறது. உலையிலிருந்து வரும்போது நூற்றுக்கு 1 முதல் 1.5 பங்கு வரை இருந்த கரிச்சத்து, வாளாகி முடியும்போது 0.6 அல்லது 0.7 பங்காகக் குறைந்துவிடுகிறது. அதற்குமேலும் மடித்துக்கொண்டே போனால் அரிவாளுக்கும் உதவாத மென்னிரும்பே மிஞ்சும்.

இவ்விடத்தில் நம் நாட்டு எஃகை நினையாமல் இருக்க முடியவில்லை. தென்னிந்தியக் கொல்லர்கள் வேறொரு வழி கண்டனர். இரும்பைக் கரிப்பொருள்களோடு சிறு மண் மூசையில் இட்டு, வாயை மூடி, நெடுநேரம் உலையில் வைத்து, உள்ளிருப்பதை உருகச் செய்தனர். கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் இத்தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. மேலைநாட்டார் அதனை 'வூட்ஸ்' என்றனர். நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' ஆகிய சொற்களோடு அப்பெயர் உறவுடையது என்பது அறிஞர் கருத்து. உருகிய எஃகில் கிட்டம் தானே பிரிந்துவிடும். ஆகவே மடித்து அடிக்கும் தேவையே அங்கில்லை. இந்த எஃகு பாரசீகத்துக்கும் அப்பாலும் சென்று, டமாஸ்கஸ் வாள் என்று புகழ்பெற்ற அலகுகளாயிற்று. பட்டுத் துணிக் கதையும் முதலில் அவ்வாளைப் பற்றியே பரவியது. சர் வால்டர் ஸ்காட் 1825-இல் வெளியிட்ட 'தி டாலிஸ்மன்' என்ற நவீனத்தில் சுல்தான் சலாதீன் மெல்லிய துணியை வாளால் அறுத்துக் காட்டும் காட்சி வருகிறது. அது கற்பனைக் காட்சி. பிற்காலத்தில் கதை கிழக்கே பயணம் செய்து ஜப்பானிய வாளின்மேல் ஏறிக்கொண்டது போலும்! தானாக விழும் துணிக்கு அலகை எதிர்த்து நிற்கும் கனம் கிடையாது. அது வாளின்மேல் மடிந்து படியுமேயன்றி எளிதில் அறுபடாது.

ஜப்பானியக் கொல்லனின் உண்மையான வெற்றி தோய்ச்சலில் இருக்கிறது. அடித்து உருவாக்கிய அலகின்மேல் களிமண்ணும் கரித்தூளும் கலந்த குழம்பைப் பூசுகிறான். முதுகுப்பக்கம் கனமாக, வாய்ப்பக்கம் மெல்லியதாக. பின்பு அலகைச் செம்மையாகக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துகிறான். மெல்லிய பூச்சுள்ள வாய் சட்டெனக் குளிர்ந்து மிகக் கடினமாகிறது. கனத்த பூச்சுள்ள முதுகோ மெல்லக் குளிர்ந்து, மென்மையும் உறுதியும் உடையதாகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஓடும் வெண்மையான அலைக்கோட்டை 'ஹாமோன்' என்பர். கடினமாகும்போது வாய்ப்பக்கத்து எஃகு சற்று விரிவதால், ஓரளவு நேராக உள்ளே சென்ற அலகு வளைந்து வெளியே வருகிறது. அவ்வாளின் அழகிய வளைவில் ஒரு பங்கு சம்மட்டியினுடையது. மற்றொரு பங்கு தண்ணீரினுடையது. இந்த நொடியிலேயே எத்தனையோ அலகுகள் விரிசல் கண்டு வீணாகிவிடும். பல வாரத்து உழைப்பு ஒரு சிறு ஓசையோடு முடிந்துபோகும்.

இம்முறையின் நன்மையும் தீமையும் பிரிக்க முடியாதவை. கடினமான வாய் கூர்மையை நெடுநாள் காக்கும். ஆனால் எலும்பிலோ இரும்பிலோ தவறாகப் பட்டால் பொத்தல் விழும். மென்மையான முதுகு முறியாமல் தாங்கும். ஆனால் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். பிற்கால ஐரோப்பிய வாள்கள் பலவற்றுக்கு வில்லெஃகின் தன்மை உண்டு, வளைத்துவிட்டால் நிமிர்ந்துகொள்ளும். ஜப்பானிய வாளுக்கு அத்தன்மை இல்லை. ஆகவே துப்பாக்கிக் குழாயைத் துணித்த கதையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

இனி, இவ்வாளை ஏந்தியவர்களிடம் வருவோம். சாமுராய் என்றவுடன் வாளே நம் கண்முன் தோன்றுகிறது. ஆனால் பழைய ஜப்பானியர் போர்வீரனின் நெறியை 'வில்லும் குதிரையும் ஆகிய வழி' என்றே வழங்கினர். 14ஆம் நூற்றாண்டுப் போர்களில் ஈடுபட்ட வீரர்கள், பரிசு வேண்டித் தாம் பெற்ற காயங்களை விவரித்து மேலோர்க்கு எழுதிய விண்ணப்பங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் அம்பினால் உற்ற காயங்களே மிகுதி. பின்னர் ஈட்டி மேலோங்கிற்று. 1543-இல் போர்த்துகீசியர் தனேகாஷிமாத் தீவுக்குக் கொணர்ந்த துப்பாக்கியை ஜப்பானியக் கொல்லர்கள் விரைவில் கற்றுச் செய்தனர். 1575-இல் நடந்த நாகஷினோப் போரில் அது பெரும் பங்கு வகித்தது. வாள் இடுப்பில் இருந்தது உண்மை. ஆனால் அது முதல் ஆயுதமாக இருந்த போர்க்களங்கள் குறைவு.

வாள் வீரனின் ஆன்மாவானது போர் ஓய்ந்த பிறகே. 1588-இல் ஹிதேயோஷி உழவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார். 1603-இல் தொடங்கிய டோக்குகாவா ஆட்சியில் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலும் அமைதியே நிலவிற்று. நீண்ட வாள் ஒன்றும் குறுவாள் ஒன்றுமாக இரண்டைச் செருகிக்கொள்வது சாமுராய்களுக்கே உரிய அடையாளமாயிற்று. அதனால் மற்றவர் எவரும் வாளே தொடவில்லை என்று கொள்ளலாகாது. வெளியூர்ப் பயணம் செல்லும் வணிகன் குறுவாள் ஒன்றை வைத்துக்கொள்ளத் தடையில்லை. 1876-இல் புதிய அரசு வாள் அணிவதையே சட்டத்தால் விலக்கியது. 1900-இல் நிதோபே இனாஸோ ஆங்கிலத்தில் எழுதிய 'புஷிதோ' என்னும் நூல் சாமுராயின் நெறியை உலகுக்கு அறிமுகம் செய்தது. அதாவது, நாம் அறிந்துள்ள சாமுராய் வாள் தத்துவத்தில் கணிசமான பகுதி, வாள் இடுப்பைவிட்டு இறங்கிய பின்னர் எழுதப்பட்டது.

மஸமுனே, முரமஸா என்னும் இரு கொல்லர்களின் போட்டிக் கதையைப் பலர் கேட்டிருப்பர். ஓடும் நீரில் இருவரும் தம் வாளை நிறுத்த, முரமஸாவின் வாள் மிதந்து வந்த இலைகளையெல்லாம் அறுத்ததாம். மஸமுனேயின் வாளை இலைகள் விலகிச் சென்றனவாம். நல்ல கதைதான். ஆனால் மஸமுனே 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஸகாமி நாட்டில் வாழ்ந்தவர். முரமஸாவோ ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இஸே நாட்டில் வாழ்ந்தவர். முரமஸாவின் வாள்கள் டோக்குகாவா குலத்துக்குச் சாபம் என்றும் சொல்வர். இஸேக்கு அருகிலுள்ள மிகாவாவே அக்குலத்தின் தாய்நாடு. அண்டை ஊர்க் கொல்லனின் வாளை அங்கே பலரும் வைத்திருந்ததில் வியப்பில்லை. குலத்தின் தலைவர் இயெயாஸுவுக்கு உரியதாக இருந்த முரமஸா வாள் ஒன்று நாகோயாவிலுள்ள டோக்குகாவா கலைக்கூடத்தில் இன்றும் இருக்கிறது.

உருவினால் இரத்தம் காண வேண்டும் என்ற பேச்சை, வடகிழக்கிலும் டார்ஜிலிங்கிலும் வாழும் நேயர்கள் கூர்க்கரின் குக்ரியைப் பற்றியும் கேட்டிருப்பர். இரண்டிடத்தும் அது வெறும் பேச்சே. ஜப்பானிய வாளை அவ்வப்போது உருவித் துடைத்து, மென்பொடி தூவி, கிராம்பு மணம் கமழும் எண்ணெய் பூசி வைத்தால்தான் துருப்பிடியாமல் இருக்கும்.

இக்கதைகளை எல்லாம் பொழுதுபோக்கென்று விட்டுவிட மனம் வரவில்லை. காரணம், ஒரு காலத்தில் ஓர் அரசு இவற்றை வேண்டுமென்றே வளர்த்தது. 1934-இல் ஜப்பானியத் தரைப்படை, பழைய சாமுராய் வாளின் வடிவத்தில் புதிய அதிகாரி வாளை விதித்தது. மறு ஆண்டே கீழ்நிலை அலுவலர்களுக்கும் ஒரு வாள் வந்தது. 1937-இன் இறுதியில் நான்ஜிங்கை நோக்கிச் சென்ற படையின் இளம் அதிகாரிகள் இருவர், முதலில் நூறு பேரை வாளால் வெட்டுவது யார் என்று போட்டியிட்டதாக டோக்கியோ நாளிதழ் ஒன்று பெருமிதத்தோடு செய்தி வெளியிட்டது. போருக்குப் பின் அவ்விருவரையும் சீன நீதிமன்றம் விசாரித்து 1948-இல் மரண தண்டனைக்கு உள்ளாக்கியது. அச்செய்தியில் எவ்வளவு மெய், எவ்வளவு பெருக்கம் என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். அதனை வீரச் செய்தியாக அச்சிட ஒரு பத்திரிகைக்குத் தோன்றியதே, அதில் வாதத்துக்கு இடமில்லை. அக்காலத்தில் சீனப் போர்முனையில் வாள்களைப் பழுதுபார்த்த நரூஸே கான்ஜி என்பவர், தம் அனுபவத்தை 1940-இல் நூலாக எழுதினார். கைப்பிடி தளர்ந்த வாள்கள், உடைந்த வாள்கள், வளைந்த வாள்கள் என்று அவர் கண்டவை, நாளிதழ்கள் பாடிய வாளினின்று வெகுதூரத்தில் இருந்தன.

இம்பாலிலும் கோஹிமாவிலும் இந்தியப் படைவீரர்கள் எதிர்கொண்டதும் இவ்வாள்களையே. 1945-இல் சரணாகதியின்போது, ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாள்களைத் தம் படையினரின் கண்முன்னே ஒப்படைக்க வேண்டுமென்று ஜெனரல் ஸ்லிம் வற்புறுத்தினார். வாளின் மேல் ஏற்றப்பட்டிருந்த மாயையை இறக்குவதே அவர் கருத்து. ஜெனரல் கிமுராவின் வாள் பின்னர் ஸ்லிம்மின் வீட்டில் கணப்பு மாடத்தின்மேல் இருந்தது.

ஜப்பானில், வெற்றி பெற்ற நாடுகளின் படைகள் ஏராளமான வாள்களைக் கைப்பற்றி அழித்தன. பல நினைவுப்பொருள்களாகக் கடல் கடந்தன. பழைய வாள்களைக் கலைப்பொருள்களாகக் காக்க 1948-இல் ஒரு சங்கம் தோன்றியது. அச்சங்கமே 1977-இல் ஷிமானே மாவட்டத்து ஒக்குயிஸுமோவில் தத்தாரா உலையை மீண்டும் மூட்டியது. குளிர்காலந்தோறும் அங்கே எஃகு எடுக்கிறார்கள். இன்று ஜப்பானில் வாள் செய்ய விரும்புவோன் உரிமம் பெற்ற கொல்லரிடம் ஐந்தாண்டேனும் பயில வேண்டும். உரிமம் பெற்ற பின்னும் மாதத்துக்கு இரண்டு நெடுவாள்களுக்கு மேல் செய்யலாகாது.

ஹைதராபாத்தில் வாழும் நேயர்கள் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜப்பானிய வாள்களைக் காணலாம். வேறு ஊர்களிலும், படைப்பிரிவுகளின் கூடங்களிலும், போரில் கைப்பற்றிய வாள்கள் கண்ணாடிப் பெட்டிகளில் உள்ளன. அடுத்த முறை பார்க்க நேரும்போது அலகின் ஓரத்தில் அந்த வெண்மையான அலைக்கோடு உண்டா என்று சாய்வாக நோக்குங்கள். பின்பு கைப்பிடியைப் பாருங்கள். கொல்லன் கைவாளாயின் அது மரத்தாலாகி, திருக்கைமீன் தோல் போர்த்தி, மேலே நாடா சுற்றியிருக்கும். 1935-ஆம் ஆண்டு வகைக் கீழ்நிலை அலுவலர் வாளாயின், அலகில் தொழிற்சாலை எண் குத்தப்பட்டிருக்கும். தோலும் நாடாச் சுற்றும் போலத் தோன்றுவன உலோகத்தில் வார்த்து வண்ணம் தீட்டியவையாக இருக்கும்.