பொதுத்தேர்தல்: ஒரு சொல்லின் எதிர்நிலைகள்

பொதுத்தேர்தல் என்னும் சொல்லின் பொருள், அது எதனின்று வேறுபடுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரித்தானியாவில் அதன் எதிர்நிலை இடைத்தேர்தல். மக்களவையின் அனைத்துத் தொகுதிகளுக்கும் நடைபெறுவதே அங்குப் பொதுத்தேர்தல் எனப்படும். ஒரே நாளில் நடைபெற வேண்டும் என்னும் கருத்து அச்சொல்லில் தொடக்கத்தில் இல்லை. 1910 சனவரி 15-இல் தொடங்கிய வாக்குப்பதிவு பிப்ரவரி 10 வரை நீண்டது. 1918-இல்தான் நாடு முழுதும் ஒரே நாளில் வாக்களித்தது. இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலில் (1951-52) 'பொது' என்பது மேலும் விரிந்து, மக்களவையோடு மாநிலச் சட்டப்பேரவைகளையும் உள்ளடக்கியது. ('பொதுத் தொகுதி' என்னும் வழக்கில் அதே அடைமொழிக்குத் 'தனித் தொகுதி' எதிர்நிலையாகிறது, அது தனியே ஆராயத்தக்கது.)

இவ்விரு நாட்டு வழக்கையும் கொண்டு அமெரிக்காவை நோக்கினால் பொருள் பிறழும். அங்குப் பொதுத்தேர்தலின் எதிர்நிலை, கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதனிலைத் தேர்தலாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென் மாநிலங்களில் டெமாக்ரடிக் கட்சியின் வேட்பாளரே ஏறத்தாழ எப்போதும் வென்றார். எனவே உண்மையான போட்டி முதனிலையிலேயே முடிந்தது. நவம்பர் மாதப் பொதுத்தேர்தல் பெரும்பாலும் சடங்காக எஞ்சியது.

டெக்சாஸ் மாநிலம் 1923-இல் இயற்றிய சட்டம், அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் கறுப்பின மக்கள் வாக்களிப்பதைத் தடை செய்தது. 1927-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதது என்றது. பின்னர்க் கட்சியின் மாநில மாநாடே அத்தடையை விதித்தது. 1935-இல் குரோவி வழக்கில் நீதிமன்றம் அதனை ஏற்றது. கட்சியில் உறுப்பினராகும் சலுகை வேறு, பதவிக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை வேறு என்பது அதன் வாதம். பொதுத்தேர்தலில் வாக்களிக்கத் தடையில்லை என்பதே விலக்கலுக்கு அரணாயிற்று. சட்ட நூல்களில் இதனினும் நுட்பமான ஏய்ப்பைக் காண்பது அரிது.

ஹூஸ்டன் நகரப் பல் மருத்துவர் லோனி சுமித் தொடுத்த வழக்கில், 1944-இல் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. முதனிலையும் பொதுத்தேர்தலும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஒரே நடைமுறையின் இரு பகுதிகள் என்று நீதிமன்றம் கொண்டது. 1944-க்கு முந்தைய தென் மாநிலங்களின் வாக்குரிமை வரலாற்றைத் தமிழில் எழுதுவோர், 'பொதுத்தேர்தலில் வாக்களித்தனர்' என்னும் தொடரை முதனிலை பற்றிய குறிப்பின்றிப் பயன்படுத்தலாகாது. டெக்சாசில் வாக்களிக்கச் செலுத்த வேண்டியிருந்த தலைவரியோ 1966 வரை நீடித்தது.