புயல் காற்றுக்குத் தாங்கும் தகரக் கொட்டகை அமைப்பது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, தென்னை மரங்களோடு தகரக் கூரைகளும் பறந்தன. கூரை போனால் உள்ளே இருக்கும் நெல், கொப்பரை, தீவனம் எல்லாம் அன்றிரவே நனைந்து வீணாகும். கிடங்கு, கோழிப்பண்ணை, மாட்டுக் கொட்டகை எது கட்டினாலும் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

காற்று கூரையைத் தூக்கும்

காற்று கூரையை அழுத்தும் என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் கூரை மேல் வேகமாகப் பாயும் காற்று தகரத்தை மேலே இழுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

உங்கள் ஊருக்கு எவ்வளவு வேகம்?

கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 பகுதி 3-ன்படி, அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு மணிக்கு 180 கி.மீ., திருச்சிக்கு சுமார் 169 கி.மீ., மதுரை, கோவைக்கு சுமார் 140 கி.மீ. 180 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ அழுத்தம் வரும். தகரத்தின் எடையோ சதுர அடிக்கு அரை கிலோ கூட இருக்காது. 40 கிலோ மணல் மூட்டை வைத்தாலும் மூன்று சதுர அடியைத்தான் பிடித்து வைக்கும்.

அஸ்திவாரம்

30 அடிக்கு 20 அடி கொட்டகையின் கூரை 600 சதுர அடி. சதுர அடிக்கு 10 கிலோ இழுப்பு என்று வைத்தாலும் மொத்தம் 6 டன். எட்டுத் தூண்கள் என்றால் தூணுக்கு 750 கிலோ. 2 அடி நீள, அகல, ஆழக் குழியில் போடும் கான்கிரீட் சுமார் 540 கிலோதான்; அது போதாது. 3 அடிக் குழி என்றால் சுமார் 1,800 கிலோ. இரும்புக் குழாயை நேரடியாகக் குழியில் நட்டால், அடியில் குறுக்குக் கம்பி வெல்டிங் செய்யுங்கள். இல்லாவிட்டால் குழாய் மட்டும் உருவிக்கொண்டு வரும்.

கூரை

• ஓரங்களிலும் முகட்டிலும் தகரத்தின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ போடுங்கள். முதலில் பிய்வது அங்கேதான்.
• ஸ்க்ரூவுக்கு அகலமான வாஷர் அவசியம். இல்லாவிட்டால் தகரம் கிழிந்து கழன்றுவிடும்.
• கூரை நீட்டம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம்.
• மிகத் தட்டையான கூரையில் இழுப்பு அதிகம். நல்ல சரிவு கொடுங்கள்.
• கடைசித் தூண்களுக்கு இடையே பெருக்கல் குறி போல் குறுக்குக் கம்பி கட்டுங்கள். கொட்டகை சாயாது.

தகரம், சட்டம், தூண், அஸ்திவாரம் நான்கும் ஒரு சங்கிலி. ஓர் இணைப்பு பலவீனமானாலும் மற்றவற்றுக்குச் செய்த செலவு வீண். பெரிய கிடங்கு என்றால், உங்கள் ஊரின் காற்று வேகத்தைக் கணக்கிட்டு வரைபடம் தரும்படி பொறியாளரிடம் கேளுங்கள்.

மழைக்கு முன்

ஆண்டுதோறும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், துருப்பிடித்த ஸ்க்ரூக்களை மாற்றி, தளர்ந்த போல்ட்டுகளை முறுக்குங்கள். கூரை மேல் கல், செங்கல் வைக்காதீர்கள். பறந்து வந்து ஆளைத் தாக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் கதவுகளை இறுக்கி மூடி, மாடுகளை அவிழ்த்துவிட்டு, நீங்கள் உறுதியான கட்டடத்துக்குச் செல்லுங்கள். நடுவில் காற்று ஓய்ந்தாலும் கொட்டகையைப் பார்க்கப் போகாதீர்கள். புயலின் கண் கடந்ததும் எதிர்த் திசையிலிருந்து மறுபடி வீசும்.