சின்கோனா என்னும் ஊரும் செல்லுக்குள் உள்ள அமிலமும்

ஆனைமலைத் தொடரில், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களை ஒட்டிய வால்பாறைப் பகுதியில் சின்கோனா என்றோர் ஊர் உண்டு. இன்று அங்கே விளைவது தேயிலை. மரம் ஊர்ப்பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது. அண்டையிலுள்ள மூணாற்றிலும் இதுவே கதை. 1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளின் உரிமையை ஜான் டேனியல் மன்றோ பெற்றார். அதன்பின் அங்கு முதலில் பயிரிடப்பட்டவற்றுள் காப்பியோடு சின்கோனாவும் ஒன்று. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் அதன் பட்டையில் இருந்தது.

குயினைன் 1820-இல் பிரித்தெடுக்கப்பட்டது. குயினைனைப் போலவே குயினோலின் வளையம் கொண்ட செயற்கை மருந்தான குளோரோகுயின் 1934-இல் உருவானது. இரண்டும் வலுக்குறைந்த காரங்கள். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தன்னுள் இருக்கும் அமில அறையில் செரிக்கிறது. மின்னூட்டமற்ற குளோரோகுயின் சவ்வைக் கடந்து அவ்வறைக்குள் நுழைகிறது. அங்கே புரோட்டானை ஏற்று மின்னூட்டம் பெற்றதும் வெளியேற இயலாமல் குவிகிறது.

மனித செல்லிலும் அத்தகைய அமில அறை உண்டு. 1955-இல் கிறிஸ்டியான் டி டூவ் அதற்கு லைசோசோம் என்று பெயரிட்டார். குளோரோகுயின் போன்றவற்றை லைசோசோமை நாடும் மருந்துகள் என்று அவர் குழுவினர் வகைப்படுத்தியது 1974-இல்.

அடுத்த ஆண்டே, மருந்தைப் பலபடிச் சங்கிலியில் பிணைத்துச் செலுத்தும் மாதிரியை ஹெல்முட் ரிங்ஸ்டார்ஃப் முன்வைத்தார். பலபடி பெரிய மூலக்கூறு, சவ்வை ஊடுருவாது. செல் அதனை விழுங்க, அது லைசோசோமைச் சென்றடைகிறது. எனவே பிணைப்பு, பி.எச். 7.4 கொண்ட குருதியில் உறுதியாக நின்று, ஏறத்தாழ 5 கொண்ட லைசோசோமில் அறுபட வேண்டும். எண்ணில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, ஹைட்ரஜன் அயனிச் செறிவில் சுமார் 250 மடங்கு. குருதியிலேயே அறுபட்டால் நச்சு உடலெங்கும் பரவும். அறுபடாவிட்டால் மருந்து பயனற்றுப் போகும். 1981-இல் ஷென், ரைசர் இருவரும் டானோமைசின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பாலிலைசினோடு இத்தகைய பிணைப்பால் இணைத்துக் காட்டினர்.

மரபணுவைச் செலுத்த முயன்றபோது வேறொரு சிக்கல் எழுந்தது. பாலிலைசின் சுமந்து சென்ற மரபணு அமில அறையிலேயே சிறைப்பட்டது. அதை விடுவிக்க ஆய்வகங்கள் சேர்த்த துணைப்பொருள் குளோரோகுயின்! 1995-இல் அறிமுகமான பாலிஎத்திலீன்இமின், தானே புரோட்டான்களை ஏற்று அப்பணியைச் செய்யும் என்று கருதப்பட்டது.

அமிலத்தை உணரும் பலபடிகளின் வரலாற்றை 1975-இல் தொடங்குவது வழக்கம். ஆனால் செல்லின் அமில அறையை மருந்துகள் அதற்கு நெடுங்காலம் முன்பே எட்டியிருந்தன. காரணம் மட்டுமே விளங்காதிருந்தது. புதிய மூலக்கூற்றை வடிவமைக்க முனைவோருக்குப் பழைய மருந்து ஒன்றின் செயல்முறையும் பாடநூலே. அம்மருந்து வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் மரத்தின் பெயரை எல்லைமலையின் ஓர் ஊர் இன்னும் தாங்கி நிற்கிறது.